மூடியில் வைத்த சோறு

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்று வளர்த்தது நாலு பேர். சோறு ஊட்டி வளர்த்தது எத்தனை பேர் என்று கேட்டால் விரல் போதாது. பதினேழு வருஷம், வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் படிப்பு கிடையாது. என் பேரை எழுதுவேன். பஸ்ஸின் நெற்றியில் தாம்பரம் என்று போட்டிருந்தால் படிப்பேன். அதற்கு மேல் போனால் எழுத்தெல்லாம் என்னோடு சண்டைக்கு வரும். ஆனால் ஒரு பிள்ளை சாப்பிடுவதைக் கால்மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும், வகுப்பில் அது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்படும்படியாகத்தான் வேலை பார்த்தேன், ஒரு வருஷத்தைத் தவிர. அந்த வருஷத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

ஊரப்பாக்கத்தில் நீங்கள் வேலைக்குச் சேர்ந்திருக்கிற குழந்தைகள் காப்பகத்தை நடத்துகிற அம்மா, என்னை நேரில் வந்து உங்களிடம் பேசச் சொன்னார். முழங்கால் வரமாட்டேன் என்கிறது. அதனால் நான் சொல்கிறேன், என் பேத்தி நிவேதா எழுதுகிறாள். என் பேச்சை அவள் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள். மாற்றட்டும். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசின மாதிரியே எழுது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

எங்கள் வேலை இப்போது இல்லை. எண்பதுகளில் கிழக்குத் தாம்பரத்துப் பள்ளிக்கூடங்களில் மத்தியான மணி அடித்தால், மரத்துக்கு ஒரு கூடைக்காரி உட்கார்ந்திருப்பாள். பதினோரு மணிக்கு மேல் காலனி காலனியாகப் போய், வீட்டில் அப்போதுதான் வடித்த சோற்றை டப்பாவில் வாங்கி, கூடையில் அடுக்கி, தலையில் வைத்து நடந்து போவோம். பிள்ளைகள் வந்து சுற்றி உட்காருவார்கள். ஊட்டி, வாயைத் துடைத்து, வகுப்புக்கு அனுப்பிவிட்டு, டப்பாக்களைத் திரும்பக் கொண்டுபோய் அந்தந்த வீட்டில் கொடுக்க வேண்டும். நான் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சேலையூர் வழியாக நடப்பேன். பதினோரு வீட்டு டப்பா.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவள் ஒருத்தி. பேர் தெரியாது. எல்லாரும் பெரியக்கா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். மூன்றாம் நாளே என் கூடையைக் கிளறி ஒரு டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"இன்னாடி இது, அடியில நாலு கை சோறு கீது?"

"புள்ள வோணான்னுச்சுக்கா. அழுவுது."

"அது அழுவும். அந்தம்மா டப்பாவ தொறந்து பாத்துட்டு நாளைக்கி வேற ஆள தேடும். உன் மூஞ்சிய யாரு பாக்கப்போறா? டப்பாவத்தான் பாப்பாங்க. டப்பா காலியா போனா நல்ல ஆயா. அவ்ளோதான்டி படிப்பு."

"மிச்சத்த இன்னா பண்றதுக்கா? கொட்டவா?"

"சோத்த கொட்டுவியா நீ?" என்று என் கையில் ஒரு அடி வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எல்லா மரத்தடியிலயும் ஒரு வாங்குற வாயி இருக்கும். எத்த குடுத்தாலும் வோணான்னு சொல்லாத வாயி. உன் மரத்துல அது யாருன்னு பாத்து வெச்சிக்கோ."

என் மரத்தில் அந்த வாய் ஹேமா.

ஹேமா இரண்டாம் வகுப்பு. ஆறரை வயது. உருண்டை முகம், இரட்டைப் பின்னல். அவள் அம்மா வீட்டோடு இருப்பவர், அப்பா கிண்டியில் ஏதோ ஆபீஸ். முட்டைகூடச் சேர்க்காத வீடு. அந்தப் பிள்ளைக்கு ஊட்டுவது சந்தோஷமாக இருக்கும். என் கை நீளும்போதே அவள் வாய் திறந்திருக்கும். என் பக்கத்தில் இந்தப் பக்கம் ஹேமா, அந்தப் பக்கம் அருண். அருண் ஒல்லி. ஒரு வாய் வாங்கினால் அதை வைத்துக்கொண்டு ஆகாயத்தில் ஏரோப்ளேன் போய் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் அம்மா டப்பா முழுக்க அமுக்கி அனுப்புவார், சில நாள் மேலே ஒரு அவித்த முட்டையும் இருக்கும். அவனுக்கு அடுத்து சுதா. எதையும் கால்வாசி மிச்சம் வைக்கிற வழக்கம் அவளுக்கு.

மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது நான் அருண் டப்பாவை வழித்து ஹேமா வாயில் வைப்பேன். சுதா டப்பாவையும் வழிப்பேன். டப்பா மூன்றும் பளிச்சென்று ஆகிவிடும். ஹேமாவுக்கும் ஒன்று சொல்லிவைத்தேன். "கண்ணு, இது நம்ம ரெண்டு பேரு சீக்ரெட்டு. வூட்டுல சொல்லக் கூடாது. சொன்னா ஆயாவ தொரத்திடுவாங்க." அவள் தலையை ஆட்டினாள். ரொம்ப யோசித்துத்தான் ஆட்டினாள், அது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

ஆடியில் ஆரம்பித்தது. தீபாவளிக்குள் ஹேமாவின் சீருடையை இரண்டு தரம் பிரித்துத் தைத்தாயிற்று. கேம்ப் ரோட்டில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, சோற்றைக் குறையுங்கள் என்றாராம். அதன் பிறகு அவள் டப்பாவில் இரண்டு சப்பாத்தி, நாலு துண்டு வெள்ளரிக்காய். அவ்வளவுதான் வரும். அதையும் சாப்பிடுவாள், பிறகு அருண் டப்பா, பிறகு சுதா டப்பா. உடம்பு ஏறிக்கொண்டேதான் போனது. பிள்ளைகள் குண்டு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வகுப்பு டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பினார். மத்தியானத்துக்கு மேல் பெஞ்சில் தூங்குகிறாள், கணக்குக் கேட்டால் விழிக்கிறாள் என்று.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. பதினோரு வீட்டிலும் நல்ல ஆயா என்று பேர். அந்தப் பேரைச் சுமந்துகொண்டு நடந்தால் கூடை பாரம் தெரியாது.

பொங்கல் கழிந்து ஒரு நாள் டப்பா வாங்க ஹேமா வீட்டுக்குப் போனேன். அன்றைக்குப் பிள்ளைக்கு ஜுரம், பள்ளிக்கூடம் போகவில்லை. சமையற்கட்டு அலமாரியில் புதிதாக ஒரு பூட்டு தொங்கியது. அம்மா அவள் கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"உண்மையச் சொல்லு. எங்கேர்ந்து எடுத்துச் சாப்பிடற? நான் தூங்கறப்பவா?"

"நான் எடுக்கலம்மா."

"எடுக்காம எப்படி? ரெண்டு சப்பாத்தி சாப்பிடற உடம்பா இது? பொய் வேற சொல்லக் கத்துக்கிட்டியா?"

ஹேமா வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். அம்மா என்னிடம், "பாருங்க ஆயா, திருடற அளவுக்கு வந்தாச்சு" என்றார். நான் "கொயந்தைய அடிக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

அடுத்த நாள் ஹேமா வந்தாள். அருண் டப்பாவில் பாதி மிச்சம். மணி அடிக்கப் போகிறது. என் கை பழக்கத்தில் தானாக வழித்தது, தானாக நீண்டது. ஹேமா வாயைத் திறக்குமுன் கேட்டாள்:

"ஆயா, இது இன்னும் சீக்ரெட்டா?"

"ஆமாண்டி கண்ணு" என்றேன். வாயைத் திறந்தாள். ஊட்டினேன்.

பதினேழு வருஷத்தில் நான் செய்த தப்பு எது என்றால் அந்த ஒரு வாய்தான். அதற்கு முன் ஊட்டியதெல்லாம் தெரியாத்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வாய் தெரிந்தே ஊட்டியது.

அடுத்த வாரம் புதன்கிழமை டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஹேமாவின் அம்மா புடவை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றார். டீச்சர் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள், ஹேமாவை அடுத்த வகுப்புக்கு ஏற்றமாட்டார்களாம், நீங்களும் கூட வாருங்கள் என்றார். "நீங்கதான் பக்கத்துல உக்காந்து பாக்கறீங்க. அவ மத்தியானம் எவ்வளவு கம்மியா சாப்பிடறான்னு டீச்சர்கிட்ட நீங்க சொல்லுங்க ஆயா. நான் சொன்னா அம்மா பேச்சும்பாங்க."

சாட்சி சொல்லக் கூப்பிட்டார்!

நாலு மணி. வகுப்பு காலியாக இருந்தது. ஹேமா முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் கெட்ட மனுஷி இல்லை, கண்டிப்பானவர், தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"சில குழந்தைங்களுக்கு உடம்பு வளர்ற வேகத்துக்கு மூளை வளராதும்மா. இருபது வருஷமா பாக்கறேன். இவ மந்தமா இருக்கா. இன்னொரு வருஷம் செகண்ட் ஸ்டாண்டர்ட்லயே இருக்கட்டும். முடியலைன்னா இவள மாதிரி குழந்தைங்களுக்குன்னு இருக்கற ஸ்கூல் ஏதாவது பாருங்க."

அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. "டாக்டர் சொன்னதுலேர்ந்து ரெண்டே ரெண்டு சப்பாத்திதான் டீச்சர் குடுத்து அனுப்பறேன். வீட்டுல எல்லாத்தையும் பூட்டி வெச்சிருக்கேன். இதோ, ஊட்டறவங்களே வந்திருக்காங்க. சொல்லுங்க ஆயா, டப்பால என்ன இருக்கும்?"

நான் 'ரெண்டு சப்பாத்திதாம்மா' என்று சொல்லியிருக்கலாம். அதில் பொய் ஒரு பருக்கைகூட இல்லை. அவள் டப்பாவில் இருந்தது இரண்டு சப்பாத்திதான். சொல்லிவிட்டு வெளியே வந்து, நாளையிலிருந்து ஊட்டாமல் விட்டுவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பதினோரு வீடும் நிற்கும். என் மனது இவ்வளவையும் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் போட்டுப் பார்த்தது. நீங்களும் ஒரு நாள் இப்படி நிற்பீர்கள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் கையில் இருக்கும், அதைச் சொன்னால் ஒரு பிள்ளை கெட்டுப்போகும்.

ஹேமாவைப் பார்த்தேன். அதே மாதிரி உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன்னைத் திருடி என்கிறார்கள், மந்தம் என்கிறார்கள், அப்போதும் எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். அந்த வாயைத் திறக்கவைத்தவளும் நான், மூடவைத்தவளும் நான்.

"டப்பாவுல ரெண்டு சப்பாத்திதான் டீச்சரம்மா" என்றேன். "வயித்துல அது மட்டும் இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"மத்த புள்ளைங்க டப்பாவுல மிச்சமாவறத நான்தான் இவளுக்கு ஊட்டிகினு இருந்தேன். ஆடி மாசத்துலேர்ந்து. டப்பா காலியா போவணும்னு. வூட்டுல சொல்லாதன்னதும் நான்தான். இந்தக் கொயந்த எதயும் திருடல."

அம்மா என்னையே பார்த்தார், நான் சொன்னது காதில் ஏறாத மாதிரி. டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நம்பவில்லை. "யாரையாவது காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்களா?" என்றார்.

நான் ஹேமாவிடம் திரும்பினேன். "கண்ணு, இனிமே அது சீக்ரெட்டு இல்ல. சொல்லிடு."

"எல்லாமுமா ஆயா?"

"எல்லாமும்."

எழுந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள், பாட்டு ஒப்பிக்கிற மாதிரி. "திங்கக்கிழமை அருண் டப்பால பாதி தயிர் சாதம், சுதா டப்பால கால்வாசி லெமன் சாதம். நேத்து சுதா முழுசும் சாப்டுட்டா. அருண் ஒண்ணுமே சாப்பிடல, அவன் டப்பா முழுசும் நான்தான். இன்னிக்கு சுதா வரல. அருண் டப்பால பாதி. முட்டையும்."

"முட்டையா?" அம்மாவுக்கு அப்போதுதான் குரல் வந்தது.

"வெள்ளை மட்டும்தாம்மா. மஞ்சள அருண் சாப்டுட்டான்."

டீச்சர் சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான். திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. "ஹேமா, இந்த மூணு நாள்ல மொத்தம் எத்தனை டப்பா சாப்பிட்டிருக்க? உன் டப்பா வேணாம். மத்தவங்களோடது."

ஹேமா மேலே பார்த்தாள். உதடு அசைந்தது. விரலை மடக்கவில்லை. "பாதியும் பாதியும் ஒண்ணு. அப்புறம் முழுசு ஒண்ணு. கால் தனியா நிக்குது. ரெண்டே கால் டப்பா டீச்சர்."

டீச்சர்தான் விரலை மடக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு சொல்றவ என் கிளாஸ்ல ஏன் விழிக்கிறா?"

"கணக்கு எப்ப வெச்சிருக்கீங்க டீச்சரம்மா?"

"சாப்பாட்டு மணிக்கு அப்புறம்."

"அப்ப அவ வயித்துல மூணு வூட்டு சோறு கீது. அவ்ளோ துன்னா எனக்கே என் பேரு மறந்துபூடும்."

டீச்சர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "முழுப்பரீட்சை வரைக்கும் பாக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா நிறுத்தித்தான் ஆகணும்" என்றார்.

வெளியே வந்ததும் ஹேமாவின் அம்மா நின்றார். "நாளைலேர்ந்து நீ வர வேணாம்." அதுவரை நீங்க என்றவர், நீ என்றார். ஹேமா என் முந்தானையைப் பிடித்தாள். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அழைத்துப்போனார்.

அன்றைக்கு ராத்திரி நான் ஒன்றும் புரண்டு படுக்கவில்லை, நன்றாகத் தூங்கினேன். பொழுது விடிந்ததும் மற்றப் பத்து வீட்டுக்கும் போய் நானே சொன்னேன். மிச்சம் வைத்த பிள்ளைகளின் சோற்றை ஹேமாவுக்கு ஊட்டி, டப்பாவைக் காலி பண்ணி அனுப்பினேன் என்று. அருணின் அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப என் புள்ள இத்தனை நாளா பட்டினியா? டப்பா காலியா வருதுன்னு தினமும் இன்னும் கொஞ்சம் அமுக்கி வெச்சேனே!" என்றார். என் பெருமைக்காக ஒரு பிள்ளை பெருத்தது, ஒரு பிள்ளை இளைத்தது. அதுவரை அருணைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. ஐந்து வீடு என்னை நிறுத்தியது. அருண் அம்மா நிறுத்தவில்லை. ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.

பெரியக்கா தெருமுனையில் பிடித்துக்கொண்டாள். "பேஜார் பண்ணிட்டியேடி! இப்ப எல்லா வூட்டுலயும் எங்களயும் கேக்குறாங்க. இன்னா சாதிச்ச நீ?"

"ஒண்ணும் சாதிக்கலக்கா. ஒரு கொயந்த மேல திருட்டுப் பட்டம் இருந்துச்சு. அத்த எறக்கி வெச்சேன்."

"போடி. நாளைக்கி டப்பாவுல சோறு மிச்சம் வரும்ல? அப்ப இன்னா சொல்லுவ?"

கேள்வி சரியானதுதான். ஊட்டவும் முடியாது, வழிக்கவும் முடியாது. அப்புறம் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு சோறு என்று யார் முடிவு செய்வது? அம்மா ஒரு அளவு வைத்திருந்தார், டாக்டர் ஒரு அளவு சொன்னார், நான் ஒரு அளவு ஊட்டினேன். பிள்ளை எவ்வளவு சாப்பிடும் என்பது பிள்ளையைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் அருண் டப்பாவைத் திறந்தேன். டப்பாவை அவனிடம் காட்டாமல் மூடியை எடுத்து முன்னால் வைத்தேன். "எவ்ளோ வைக்கட்டும்? நீ சொல்லு. ஆனா சொன்னத சாப்பிடணும்." அவன் திருதிருவென்று விழித்தான். அந்த மாதிரி யாரும் அவனைக் கேட்டதில்லை. "இத்தினி" என்று உள்ளங்கையைக் காட்டினான். வைத்தேன். சாப்பிட்டுவிட்டான். ஏரோப்ளேன் போயிற்று, அதையும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். பிறகு, "இன்னும் இத்தினி" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அமுக்கி நிறைத்த டப்பா அவனுக்கு மலை. அதைப் பார்த்ததுமே அவன் மனது படுத்துவிடும். மூடியில் வைத்தது அவனே போட்ட கணக்கு. அதை முடிக்க அவனுக்கே ஆசை.

மூடியில் இருப்பது தீர்ந்ததும் உடனே அடுத்த கை வைக்கமாட்டேன். காலையில் வகுப்பில் என்ன நடந்தது என்று ஒன்று கேட்பேன். பதில் சொல்லி முடித்த பிறகுதான், "வயிறு இன்னா சொல்லுது?" என்பேன். வேண்டும் என்றால் வைப்பேன். போதும் என்றால் மூடிவிடுவேன், மிச்சத்தோடு வீட்டுக்குப் போகும். வீட்டில் அம்மாவிடம் மிச்சத்தைக் காட்டி, இவ்வளவு சாப்பிட்டான், போதும் என்று அவனே சொன்னான் என்று சொல்லிவிடுவேன். அவ்வளவுதான் என் வித்தை.

ஹேமாவுக்கு அவள் அம்மாவே டப்பா கொண்டுவந்தார். வேறு இடம் இல்லாததால் அதே மரத்துக்கு அந்தப் பக்கம் உட்காருவார். என்னைப் பார்க்கமாட்டார். ஆனால் காது இந்தப் பக்கம்தான். இரண்டு சப்பாத்தியும் நிமிஷத்தில் தீரும். "இன்னும் இருக்காம்மா?" என்று ஹேமா கேட்பாள். இல்லை என்றால் அழுவாள், இன்னும் கொண்டுவந்து கொடுத்தால் அதுவும் தீரும், மறுபடியும் அதே கேள்வி.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். "அந்த மூடில என்ன பண்றீங்க?" மறுபடி நீங்க. நான் எதையும் குத்திக் காட்டவில்லை. இடம் ஒதுக்கி உட்காரச் சொன்னேன். வயிறு நிறையச் சோறும் காயும் கொண்டுவாருங்கள், இரண்டு சப்பாத்தியில் வளர்கிற பிள்ளைக்குப் பசி தீராது, அளவை அவளே சொல்லட்டும் என்றேன். அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கொண்டுவந்தார்.

அருணுக்குச் சுலபமாக வந்தது ஹேமாவுக்கு வரவில்லை. "வயிறு இன்னா சொல்லுது கண்ணு?" என்றால், "எனக்குத் தெரியாது ஆயா, நீங்கதான் சொல்லணும்" என்பாள். சாப்பாடு முடிந்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "டப்பா காலியாகும்ல" என்றாள். ஆறு மாசம் நான் கற்றுக்கொடுத்த பாடம் அது. வகுப்பிலும் அப்படித்தான் இருந்திருக்கிறாள். கணக்கைப் போட்டு முடித்தாலும், சரிதானா என்று டீச்சர் முகத்தைத்தான் பார்ப்பாளாம். உள்ளே கேட்டுப் பார்க்கிற பழக்கமே போய்விட்டது.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் மூடி காலியானதும் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"ஆயா, பேசிச்சு!"

"இன்னான்னு?"

"போதும்னு சொல்லல. வேணும்னும் சொல்லல. இரு, யோசிச்சு சொல்றேன்னு சொல்லிச்சு."

அவள் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. யோசித்து முடித்து, இன்னும் ஒரு கை வாங்கிக்கொண்டு, போதும் என்று ஹேமா தானே மூடியைக் கவிழ்த்தாள். டப்பாவில் மிச்சம் இருந்தது. அவள் டப்பாவில் மிச்சத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

டீச்சரும் சும்மா இருக்கவில்லை. கணக்குப் பாடத்தைக் காலைக்கு மாற்றிக்கொண்டார். சித்திரையில் பரீட்சை முடிந்து லீவு விடுகிற அன்றைக்கு மத்தியானம், அவர் மரத்தடிக்கே வந்தார். அதற்கு முன் வந்ததில்லை. "மூணாவது போறா" என்றார். "மத்தியான கிளாஸ்லயும் முழிச்சிருக்கா." உடம்புக்கும் மூளைக்கும் முடிச்சுப் போட்டு அவர் பேசியதை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஹேமா ஒல்லியாகிவிட்டாளா என்று கேட்பீர்கள். இல்லை. அவள் வாகு அது. சீருடையை மறுபடி பிரிக்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். குண்டு என்றால் மந்தம், ஒல்லி என்றால் சூட்டிகை என்று யாராவது உங்களிடம் சொன்னால் காதில் வாங்காதீர்கள். நான் இரண்டையும் இரண்டு பக்கத்தில் வைத்து ஊட்டியவள். கொஞ்சம் பொறுப்பது, போதும் என்று நிறுத்துவது, அடுத்தது என்ன என்று யோசிப்பது எல்லாம் பிள்ளைக்குள் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். சாப்பாட்டில் அந்த இடத்தைப் பூட்டிவிட்டால் படிப்பிலும் அது திறக்காது. படித்தவர்கள் இதற்கு ஒரு பேர் வைத்திருப்பார்கள். பேர் எனக்குத் தெரியாது.

பிற்பாடு, தொண்ணூறுகளில், கீழ்க்கட்டளையில் ஒரு வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன். கேபிள் டிவி வந்திருந்தது. டிவியைப் போட்டால் பையன் எவ்வளவு ஊட்டினாலும் வாங்குவான், வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம். எனக்கு ஆச்சரியமாக இல்லை. வாங்குற வாய் அது, எனக்குத் தெரியும். டிவியை அணைத்தேன். மூன்று நாள் கத்தினான், நாலாம் நாள் மூடியைக் கேட்டான். இப்போது உங்கள் கையில் போன் இருக்கிறது. மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. நிவேதா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவைக் கடிக்கிறாள். என்னடி என்றேன்.

"ஆயா, அந்தப் பொண்ணு இன்னும் சீக்ரெட்டான்னு கேட்டப்புறமும் நீ ஊட்டினன்னு சொன்னல்ல? அத்த மட்டும் நான் எழுதல. படிக்கறவங்க உன்ன தப்பா நெனப்பாங்க."

"நெனக்கட்டும். எழுது."

"ஏன் ஆயா? மத்ததெல்லாம்தான் சொல்ட்டியே. கதை அது இல்லாமயே சரியாத்தான் இருக்கு."

"வழிச்சு, தொடச்சு, காலி பண்ணிக் குடுத்த காலம் போச்சு கண்ணு. மிச்சத்தோட போவட்டும். அத்தயும் இப்ப நான் சொன்னதயும் எழுதிட்டு, மொதல்லேர்ந்து படி, கேக்கறேன். அந்த எடம் வந்தா மெதுவா படி."